ஐந்தரைக் கட்டையில் ஒரு தட்டு ஸ்டாண்டு

சங்கிலிப்பாண்டி செய்த குழாயைத் திறந்தால் தண்ணீர் விழுவது காதுக்குத் தெரியாது. வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தால்தான் தெரியும். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேர் இதற்காக அவனைத் திட்டியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரி பாக்கியலக்ஷ்மி அடுக்களையில் வெள்ளம் விட்ட அன்று, "பைப்பு பண்ணித் தாங்கன்னு கேட்டா இந்த அண்ணன் பூனையப் பண்ணித் தந்திருக்காரு" என்றாள். அதை அவனிடம் போய்ச் சொன்னேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

அவனுக்கும் எனக்கும் நடுவே ஒரே சுவர். நான் கார்ப்பரேஷன் லாரி ஓட்டுகிறவன். அவன் பஜார் ரோட்டில் இஞ்சிக் கோடவுனுக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்தான். இரண்டு குடும்பமும் அப்பன்மார் காலத்தில் தேனிப் பக்கத்திலிருந்து வந்தவை. வீட்டில் தமிழ் பேசுவோம், பேப்பர் மலையாளத்தில் படிப்போம், கோபம் வந்தால் இரண்டையும் கலப்போம். மீன்பிடிப் போட்டுகளின் எஞ்சினுக்குப் பித்தளை புஷ் கடைந்து தொழில் கற்றவன் அடுக்களைச் சாமானுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவன் பெண்டாட்டி ஜெயலக்ஷ்மி. அவள் பாடுவாள். அடுக்களையில் நின்றுதான் பாடுவாள்.

அது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை ஆரம்பித்தது. சங்கிலியின் முன்னறையில் பாய் விரித்து நாலு பேர் கூடியிருந்தோம். கோடவுனில் கணக்குப் பார்க்கும் ஷாஜிக்கா ஹார்மோனியம், துப்புரவு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற அய்யாசாமி அண்ணன் தபலா. சங்கிலி ரசிகன். நான் பொரித்த அரிசிப் பத்திரிக்காக வந்தவன். ஷாஜிக்கா பாடிக்கொண்டே வந்து ஓர் அடியை மறந்து தடுமாறினார். உள்ளே சாயா போட்டுக்கொண்டிருந்த ஜெயலக்ஷ்மி அங்கிருந்தே அந்த அடியை எடுத்து முடித்துவிட்டாள். ஷாஜிக்காவுக்கு விரல் நின்றுபோயிற்று.

"இங்க வந்து இரி மோளே," என்று கூப்பிட்டார்.

"மீனு அடுப்புல இருக்கு இக்கா. நீங்க வாசிங்க, நான் இங்கருந்தே பாடுறேன்," என்றாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கம். பாடுகிறவள் அடுக்களை வாசல் திரைக்கு உள்ளே, கேட்கிறவர்கள் திரைக்கு வெளியே. மேடையில் உட்கார வைக்கிறோம் என்று கிளப்காரர்கள் பிறகு எத்தனையோ முறை கேட்டார்கள். அவள் போகவில்லை. கையில் கரண்டி இல்லாவிட்டால் அவளுக்குத் தாளம் நிற்காது என்று சங்கிலி சொல்வான். அவளுக்குச் சுருதி ஐந்தரைக் கட்டை. ஹார்மோனியத்தில் அந்தக் கறுப்புக் கட்டையை வைத்தால் அவள் அங்கிருந்து ஏறுவாள். ஆண்களுக்கு அது சரிப்படாது. ஒன்று, ஒன்றரை என்று கீழேதான் நமக்கு வரும். பாடத் தெரியாத நான் இதையெல்லாம் தெரிந்து வைத்திருப்பது சுவரோடு சுவராக இருந்த பழக்கத்தால்.

அடுக்களையில் பாடுவதில் ஒரே சங்கடம், அடுக்களைதான். குழாயைத் திறந்தால் சத்தம். தட்டை வைத்தால் சத்தம். நல்ல இடத்தில் பாட்டு ஏறி நிற்கும்போது இழுப்பறை கிறீச்சிடும். சங்கிலி ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தான். குழாயின் வாயை நாதசுவரத்தின் அடிப்பக்கம் மாதிரி விரித்து, கொஞ்சம் சாய்த்து வார்த்தான். தண்ணீர் விரிந்து தொட்டியின் சுவரோடு ஒட்டி இறங்கும், விழாது. இழுப்பறைக்கு ஹார்மோனியத்தில் இழுக்கிற மாதிரி உருண்டைக் குமிழ் வைத்தான். தபலாவுக்குத் தோல் கட்டுகிற கடையில் மிஞ்சின துண்டுகளை வாங்கி வந்து தட்டு வைக்கும் பள்ளங்களில் ஒட்டினான். குக்கர் விசிலை மட்டும் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சனிக்கிழமை அந்த வீட்டில் குக்கர் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டான்.

அந்த அடுக்களையைப் பார்த்தவர்கள் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். ஃபோர்ட் கொச்சியில் வெளிநாட்டுக்காரர்களுக்கு வீட்டில் இடம் கொடுப்பவர்கள் தேடி வந்தார்கள். போட்டு வேலை குறைந்து குழாய் வேலை கூடிற்று. நல்ல சோறு சாப்பிட்டார்கள். பிள்ளை இல்லை என்ற குறையைத் தவிர அந்த வீட்டில் வேறு குறை நான் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து நாலில் ஜெயலக்ஷ்மிக்குக் கழுத்தில் வீக்கம் வந்தது. தைராய்டு. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கொஞ்சம் மாறலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். கெட்ட கட்டி இல்லை என்று தெரிந்ததும் சங்கிலி ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கட்டிக்கொண்டான். குரலைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் நினைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து தையல் பிரித்த பிறகு ஒரு காலை, தெருவில் போன மீன்காரியைக் கூப்பிட ஜன்னலில் நின்று வாயைத் திறந்தாள் ஜெயலக்ஷ்மி. வந்த குரலைக் கேட்டு, யார் பேசியது என்று அவளே திரும்பிப் பார்த்தாள். கனத்த, கரகரத்த ஆம்பளைக் குரல். மீன்காரி நிற்காமல் போய்விட்டாள். ஜெயலக்ஷ்மி ஜன்னலைச் சாத்தினாள். வாயையும் சாத்திக்கொண்டாள்.

பேசப் பேசத்தான் சரியாகும், பழைய உயரம் வராது, ஆனால் கீழே நன்றாக நிற்கும் என்று டாக்டர் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். சைகைதான். சங்கிலியிடம்கூட மூச்சுக் காற்றில் ஒன்றிரண்டு வார்த்தை. ஜூனில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை ஷாஜிக்காவும் அய்யாசாமி அண்ணனும் ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பெட்டியைத் திறக்காமல் மழையைப் பற்றியும், வல்லார்பாடத்துக்குப் பாலம் வந்த பிறகு படகுக்காரர்கள் என்ன செய்வார்கள் என்பதைப் பற்றியும் பேசிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் வரவில்லை. அவள் மறுபடி பாடுவாளா, பாட்டு போகட்டும், வாயையாவது திறப்பாளா என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. அதையும் பேச அங்கே ஒரே ஆள்தான் இருந்தான்.

ஒரு நாள் சாயாக் கடையில் என்னிடம் சொன்னான்.

"வெங்கிடு, வீட்டுக்குள்ள போனா அவ இருக்காளா இல்லையான்னே தெரியலடா."

"ஏன், எங்க போவுது அது?"

"பாத்திரம் கழுவுறா, தெரியல. குழாயில வெள்ளம் பிடிக்கிறா, தெரியல. முன்னறையில உக்காந்து காதக் குடுத்தாலும் ஒண்ணும் இல்ல. நான்தான எல்லாச் சத்தத்தையும் எடுத்துக் களஞ்சேன்."

சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே மழையைப் பார்த்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுக்கு ஒரு பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஷாஜிக்காவிடம் ஹார்மோனியத்தைக் கேட்டு வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனான். மத்தியானம் லாரியைப் படகு ஜெட்டிப் பக்கம் நிறுத்திவிட்டு நான் போய்ப் பார்த்தபோது அவன் வெண்கலக் கம்பி வெட்டிக்கொண்டிருந்தான். பழைய போட்டு உருப்படிகளை உருக்கி வார்த்து, கடைசலில் விரல் கனத்துக்கு உருட்டிய கம்பிகள். ஒவ்வொன்றையும் தோல் வாரில் தொங்கவிட்டு மரக்குச்சியால் தட்டுவான். இடது கையால் ஹார்மோனியத் துருத்தியை அமுக்கி ஒரு கட்டையைப் பிடிப்பான். இரண்டையும் கேட்பான். பிறகு கம்பியின் நுனியில் அரம் போடுவான். மறுபடி தட்டுவான். பக்கத்துக் கோடவுனில் சுக்கு மூட்டை இறக்கினால் நிறுத்திவிடுவான். பட்டறை முழுக்க சுக்கு நெடியும் பித்தளைத் தூளும்.

"என்னடா இது, கோயில் மணியா?"

"தட்டு வைக்கிற ஸ்டாண்டு. ஒவ்வொரு பள்ளத்துக்குப் பின்னாலயும் ஒரு கம்பி தொங்கும். தட்டைச் செருகினா அதுல முட்டும், ஒரு சுரம் கேக்கும். ஏழு கம்பி, அதுக்கு மேல ஒரு சா. பாத்திரம் கழுவி வச்சா போதும், அடுக்களை பாடும்."

"அவளால பாட முடியலன்னு தட்டப் பாட வைக்கப் போற."

"அப்படிப் பறையாத. அவளுக்கு ஒரு கூட்டு வேணுமில்ல? கேட்டுக் கேட்டு வாயத் தொறந்துடுவா."

"பாத்து அரம் போடுடா, கூடிடப் போவுது."

"அதுதான் பயம். கம்பியக் கொறச்சா சுருதி ஏறும். ஏறினது எறங்காது. வேற கம்பிதான் வார்க்கணும்."

கப்பைக் கிழங்கும் மத்திக் கறியும் பொட்டலத்தில் கொண்டுபோயிருந்தேன். கை கழுவாமல் தின்றான். தின்றுகொண்டிருக்கும்போது கும்பளங்கியிலிருந்து ஷபானா என்ற பெண் வந்தாள். காயலோரத்தில் வீடு, விருந்தினர்களை வைத்துச் சமைத்துப் போடுகிறவள். குழாய்க்குச் சொல்லியிருந்தாள். தொங்கிய கம்பிகளைப் பார்த்ததும் மேசையில் கிடந்த குச்சியை எடுத்து வரிசையாகத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இது எனிக்கு வேணும் சேட்டா. கெஸ்டுங்க பைத்தியம் பிடிச்சிடுவாங்க."

"இது வீட்டுக்கு," என்றான் சங்கிலி. "கொடுக்கறதுக்கில்ல."

அவள் போன பிறகும் அவன் முகத்தில் சந்தோஷம் இருந்தது. அவனைச் சந்தோஷமாகப் பார்த்தே ரொம்ப நாள் ஆகியிருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டாண்டை மாட்டினோம். சுவரில் துளை போட்டது நான். ஈரச் சுவர், சிமென்ட் உதிர்ந்துகொண்டே இருந்தது. ஜெயலக்ஷ்மி கையைக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். கழுத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றியிருந்தாள். மாட்டி முடித்ததும் சங்கிலி ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்து முதல் பள்ளத்தில் வைத்தான். கம்பி அதிர்ந்தது. நல்ல நாதம், சும்மா சொல்லக் கூடாது. மழைச் சத்தத்துக்கு மேலே எழும்பி நின்று மெல்ல அடங்கிற்று.

"கேட்டியா? ஒன் சா," என்றான்.

அவள் கேட்டாள். அடுத்த தட்டைத் தூக்கிய அவன் கையிலிருந்து அதை வாங்கினாள். முதல் தட்டையும் ஸ்டாண்டிலிருந்து சத்தம் வராமல் உருவினாள். இரண்டையும் ஜன்னல் திண்டில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

அதன் பிறகு அந்த ஸ்டாண்டில் ஒரு தட்டும் ஏறவில்லை. கழுவினதெல்லாம் ஜன்னல் திண்டிலும் தரையில் சாக்கின் மேலும். சங்கிலிக்குப் புரியவில்லை. கம்பி கறுத்துவிட்டது என்று புளி போட்டுத் தேய்த்தான். பள்ளம் அவளுக்கு உயரமாக இருக்கிறது என்று ஸ்டாண்டை இறக்கி மாட்டினான். நாதம் அதிகமோ என்று வாரை மாற்றினான். தட்டுகள் சாக்கிலேயே கிடந்தன.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பாக்கியம்தான். ஒரு மத்தியானம் புளிக்குழம்பு கொடுக்கப் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறாள். வந்து என்னை உலுக்கி எழுப்பினாள்.

"அந்த அண்ணனுக்குக் காது மட்டும் வச்ச ஆண்டவன் வேற ஒண்ணும் வைக்கலியா?"

"என்ன ஆச்சு?"

"ஜெயா ஆளில்லாத நேரத்துல ஒரு தட்ட எடுத்து அதுல வச்சுப் பாக்குது. மணி மாதிரி கேக்குதுல்ல, அதுக்கு நேரா வாயத் தொறக்குது. கழுத்து நரம்பு பொடைக்குது. காத்துதான் வருது. மறுபடி வைக்குது, மறுபடி காத்து. அப்புறம் அந்தக் கம்பியக் கையால பிடிச்சு நிறுத்திட்டு அப்படியே நிக்குது. நான் கொழம்பக்கூடக் குடுக்காம வந்துட்டேன்."

"அது அவளோட பழைய சுருதியாச்சே," என்றேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது. அவளுக்கு இனி எட்டாத ஐந்தரைக் கட்டையை வெண்கலத்தில் வார்த்து, அவள் தினம் நிற்கிற இடத்தில் மாட்டி வைத்திருக்கிறான். நானும் துளை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

"போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா அழுதுருவேன்."

சாயாக் கடையில் வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. அவன் கிளாஸைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்:

"அப்ப எந்தக் கட்டையில பண்ணியிருக்கணும்?"

எனக்கு எரிச்சல் வந்தது. "டேய், பண்ணியிருக்கவே கூடாதுடா."

"இல்லடா. அவ கட்டை இப்ப எதுன்னு எனக்குத் தெரியாது. கூட இருக்கேன், தெரியாது. அதைத்தான் சொல்றேன்."

அன்று சாயங்காலமே ஸ்டாண்டைக் கழற்றினான். நானும் போயிருந்தேன். கழற்றிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, பட்டறையிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் வைத்திருந்த ஹார்மோனியத்தைத் தூக்கி வந்து அடுக்களைத் தரையில் உட்கார்ந்தான். ஜெயலக்ஷ்மி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாமப் போச்சு, ஜெயா," என்றான். "ஒரு சா மட்டும் குடு. எங்க நிக்குதோ அங்க. ஸ்டாண்டுக்கு இல்ல, எனக்கு."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

அவன் துருத்தியை அமுக்கி ஐந்தரையிலிருந்து ஒவ்வொரு கட்டையாகக் கீழே வந்தான். ஒவ்வொன்றிலும் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். ஐந்து. நாலரை. நாலு. அவள் தேங்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மூன்றைத் தாண்டியபோது அவள் துருவுவதை நிறுத்தினாள். இரண்டுக்கு வந்ததும் எழுந்து பின்வாசலைத் திறந்துகொண்டு மழையிலேயே துணி துவைக்கிற கல்லுக்குப் போய்விட்டாள். சங்கிலி விரலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். துருத்தியில் காற்று தீர்ந்து ஹார்மோனியம் தானாக அடங்கியது. நான் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன்.

ஸ்டாண்டு கும்பளங்கிக்குப் போயிற்று. ஷபானாவே ஆட்டோ கொண்டுவந்து ஏற்றிக்கொண்டாள். அங்கே வெள்ளைக்காரப் பிள்ளைகள் கரண்டியால் தட்டி விளையாடுகிறார்களாம். சங்கிலி அதைச் சொல்லும்போது வேறு யாரோ செய்த சாமானைப் பற்றிச் சொல்வது மாதிரி சொன்னான்.

கர்க்கடக மாதக் கடைசியில், நம் ஆடி முடிகிற வாக்கில், ஒரு சனிக்கிழமை ஷாஜிக்கா தன் ஹார்மோனியத்தைத் திரும்ப எடுத்துப்போக வந்தார். அய்யாசாமி அண்ணனும் கூட வந்தார். பேரன் தபலாவைப் பிடித்து இழுக்கிறான், இங்கேயே ஒரு மூலையில் கிடக்கட்டும் என்று அதையும் கொண்டுவந்திருந்தார். மழை விட்டிருந்தது. உள்ளே பத்திரி பொரிக்கிற வாசனை வந்ததும் எடுத்துப்போக வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் வாசனைக்கே வந்தேன். ஜெயலக்ஷ்மி தட்டை மட்டும் திரைக்கு வெளியே நீட்டினாள். சங்கிலி வாங்கி வைத்தான்.

ஷாஜிக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். "ஈரம் பிடிச்சோன்னு நோக்கட்டே," என்று துருத்தியை அமுக்கினார். பழக்கம்தான், விரல் தானாக ஐந்தரையில் போய் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவள் எப்போதும் பாடுகிற பாட்டின் தொடக்கத்தை வாசித்தார். அய்யாசாமி அண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூடின கண்ணுக்கு எங்கே தெரிகிறது. முன்வாசிப்பு முடிந்து பாட்டு எடுக்க வேண்டிய இடம் வந்தது. யாரும் எடுக்கவில்லை. ஷாஜிக்கா அதையே திரும்ப வாசித்தார்.

"கொஞ்சம் கீழ எறக்குங்க," என்றது ஒரு கரகரத்த குரல்.

"சங்கிலியே, நீ மிண்டாம இரி," என்றார் ஷாஜிக்கா, கண்ணைத் திறக்காமல். "வாசிக்கும்போதா பேச்சும் வர்த்தமானமும்?"

சங்கிலி எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். அவன் வாய் நிறைய பத்திரி.

அய்யாசாமி அண்ணன் ஷாஜிக்காவின் முழங்காலைத் தொட்டார். ஷாஜிக்கா கண்ணைத் திறந்தார், சங்கிலியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். அவர் கை துருத்தியிலேயே நின்றது. அந்த நேரத்தில் யாராவது ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் கெட்டுப்போயிருக்கும். அவள் பயந்தது இதற்குத்தான். இது நடந்தும் விட்டது, நாங்கள் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே.

"நான்தான் இக்கா," என்றது அந்தக் குரல். "அஞ்சரை எனக்கு எட்டாது. கீழ எறக்குங்க."

ஷாஜிக்கா நாலை வைத்தார்.

"இன்னும்."

மூன்று.

"இன்னும் எறக்குங்க, பரவாயில்ல."

இரண்டு. அதற்கும் பதில் இல்லை. ஒன்றரையை வைத்தபோது, "நில்லுங்க," என்றாள். ஆம்பளைகள் நாங்கள் பாடுகிற இடம். கொஞ்ச நேரம் ஹார்மோனியம் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் பாடினாள்.

நன்றாக இருந்தது என்று சொன்னால் பொய். மேலே போக வேண்டிய இடங்களில் பாதி வழியிலேயே திரும்பினாள். மூச்சு சிந்தியது. முதல் அடி முடிந்து இரண்டாவதன் நடுவில் குரல் உடைந்து இருமல் பிடித்துக்கொண்டது. ஷாஜிக்கா பயந்து கையை எடுத்துவிட்டார். சங்கிலி பாதி எழுந்துவிட்டான்.

அய்யாசாமி அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. அவனை உட்கார் என்று தலையால் காட்டிவிட்டு, அடக்கி வாசித்துக்கொண்டே இருந்தார். தாளம் ஒரு சுற்று சுற்றி அவள் விட்ட இடத்துக்கு வந்தது. உள்ளே இருமல். மறுபடி சுற்றி வந்தது. குழாயைத் திறந்திருப்பாள், தண்ணீர் குடித்திருப்பாள், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சங்கிலி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் ஓடியதைத் துடைக்கவில்லை. அய்யாசாமி அண்ணன் இன்னொரு சுற்றைத் தொடங்கி, அந்த இடத்துக்கு வந்ததும் விரலைக் கொஞ்சம் அழுத்தித் தட்டினார்.

அவள் விட்ட சொல்லிலிருந்தே எடுத்தாள்.